காதறிந்த கருவிகள்

பழைய பொருட்களைப் பற்றி ஆண்டு மலரில் எழுதுவதென்றால் அதற்கென்றே ஓர் இலக்கணம் ஏற்பட்டுவிட்டது. ‘அக்காலம் பொற்காலம்’ என்று தொடங்கி ஒரு பெருமூச்சோடு முடித்துவிட வேண்டும். எனக்கு அந்த உரிமை இல்லை. நான் பிறந்தது 2005ஆம் ஆண்டில். எண்வட்டைச் சுழற்றிப் பேசும் தொலைபேசி எங்கள் வீட்டில் இருந்ததில்லை. எங்கள் தெருவிலும் இருந்ததில்லை. அக்காலத்தில் தொலைபேசிக்கு விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் விண்ணப்பிக்கவே யாரும் நினைத்ததில்லை. ஆகவே அதன் மணியோசைக்காக நான் இன்று கண்ணீர் வடித்தால், அது அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கு நான் மொய்க்கணக்கு எழுதுவது போலத்தான் ஆகும்.

ஆயினும் எழுதத் துணிந்ததற்குக் காரணம் நம் இயற்பியல் துறையின் பண்டக அறை. இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் அங்கே ‘கண்டம்’ செய்ய வேண்டிய பொருட்களுக்குப் பட்டியல் எடுத்தார்கள். (அலுவலக மொழியில் கண்டம் என்றால் கழித்துக் கட்டுவது. ஜோதிடர் சொல்லும் கண்டம் வேறு. விளைவு என்னவோ ஒன்றுதான்.) மூன்றாம் ஆண்டு மாணவர்கள் நால்வர் உதவிக்குப் போனோம். தூசு தட்டிய பிறகு வெளிப்பட்டவை: ஒரு வால்வு வானொலிப் பெட்டி, எண்வட்டுத் தொலைபேசிகள் இரண்டு, தந்தி பழகும் மோர்ஸ் கருவி ஒன்று, மூடியில்லாத டேப் ரிக்கார்டர் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பயனற்றது’ என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். எழுதிய கை என்னுடையது என்பதால், அது தவறு என்று சொல்லும் கடமையும் எனக்கு உண்டு என்று கருதுகிறேன்.

என் தாத்தாவிடமிருந்து தொடங்குகிறேன். அவர் தஞ்சை மாவட்டத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்தவர். வானொலிக்கும் எங்கள் பக்கத்து நெல்வயலுக்கும் உள்ள உறவு பழையது. 1960களில் ஆடுதுறை 27 என்ற நெல் வகையைத் திருச்சி வானொலி சொல்லக் கேட்டே உழவர்கள் பயிரிட்டார்கள். அதனால் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் விழுந்தது. தாத்தாவிடம் தோல் உறை போட்ட ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. களத்தில் நெல் காயும் நாட்களில் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வார். பாட்டுக் கேட்கத்தான் என்று சிறுவனாகிய நான் நினைத்தேன். பாட்டுக்கு நடுவே ‘சடசட’ என்று பொரியும் ஓர் ஓசைக்காகத்தான் அவர் காத்திருந்தார். வானம் வெளுத்திருக்கும், காற்று அசையாது, இடியென்று ஒன்றும் கேட்காது. திடீரென்று எழுந்து, “பெட்டி பொரியுது, நெல்லை வாருங்க!” என்று குரல் கொடுப்பார். ஒரு மணி நேரத்தில் மழை வந்துவிடும். எப்போதும் வந்தது என்று சொல்லமாட்டேன்; வாரிய நெல்லை மறுபடியும் கொட்டிப் பரப்பிவிட்டுப் பாட்டியிடம் பேச்சு வாங்கிய நாட்களும் உண்டு. ஆனால் நெல் நனைந்ததாக எனக்கு நினைவில்லை.

நான் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது தாத்தா காலமானார். அவர் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது இக்கல்லூரியில் இயற்பியல் படிக்க வந்த பிறகுதான். ஒவ்வொரு மின்னலும் ஓர் அலைபரப்பி. அது எழுப்பும் மின்காந்த அலை மத்திய அலைவரிசைப் பெட்டிகளில் நேரே வந்து விழும். இடியோசை இருபது கிலோமீட்டரைத் தாண்டிக் கேட்பது அரிது. மின்னலின் பொரியலோ அதைவிடப் பல மடங்கு தொலைவிலிருந்து வரும். பண்பலை வானொலி அலையின் வீச்சை விட்டு அதிர்வெண்ணை மட்டுமே படிப்பதால் அந்த ஓசை அதில் ஏறுவது மிகக் குறைவு. அதனால்தான் பண்பலையில் பாட்டுத் தெளிவாக இருக்கிறது. தாத்தாவுக்குத் தேவைப்பட்டது அந்தத் தெளிவு அன்று.

இந்தச் ‘சடசட’வை எந்தப் பொறியாளரும் வேண்டுமென்று வைக்கவில்லை. அவர்கள் ஒழிக்கப் பாடுபட்ட குறை அது. அந்தக் குறையிலிருந்து ஒரு மனிதர் செய்தி படித்தார். பழைய கருவிகளின் ஓசைகளைப் பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் இதை ஒட்டியதே. அவை கருவி தன் வேலையைச் செய்யும்போது தானாக எழுந்த ஓசைகள். கேட்கத் தெரிந்தவனுக்கு அவற்றில் செய்தி இருந்தது.

நம் ஆய்வக உதவியாளர் அண்ணனை எல்லோருக்கும் தெரியும். இந்தக் கல்வியாண்டோடு ஓய்வு பெறுகிறார். அரசுப் பணிக்கு வருமுன் அவர் ஒரு ரேடியோ பழுது பார்க்கும் கடையில் எடுபிடியாக இருந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டியல் எடுத்த அன்று அந்த வால்வு பெட்டியின் தூசியை ஊதிக்கொண்டே அவர் சொன்னவற்றை நான் வீட்டுக்குப் போய்க் குறித்து வைத்தேன். ஒலிக் குமிழைத் திருகும்போது ‘கரகர’ என்றால் அதனுள் இருக்கும் கரித்தடத்தில் தூசு ஏறியிருக்கிறது. பாட்டு வந்தாலும் வராவிட்டாலும் ‘ம்ம்ம்’ என்று ஒரே சீராக அடியில் ஓர் ஓசை ஓடினால் பில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. ‘டுப் டுப் டுப்’ என்று படகு மோட்டார் போல அடித்துக்கொண்டால் ஒரு கட்டத்தின் ஓசை மின்வழங்கல் வழியே இன்னொரு கட்டத்துக்குத் திரும்பிப் பாய்கிறது. பென்சிலால் வால்வைத் தட்டும்போது ஒலிபெருக்கியில் ‘டிங்’ என்று கேட்டால் அந்த வால்வினுள் ஏதோ தளர்ந்திருக்கிறது. ஒன்றுமே கேட்கவில்லையென்றால் ஒலிக் குமிழின் நடுமுனையைத் தொட்டுப் பார்ப்பார்களாம். ‘உர்ர்’ என்று உறுமினால் அங்கிருந்து ஒலிபெருக்கி வரை உயிர் இருக்கிறது, கோளாறு அதற்கு முன்னால் என்று பொருள். பாதிப் பெட்டியை ஒரே தொடுதலில் விலக்கிவிடலாம். (தொடும் இடம் ஓரங்குலம் தவறினால் தொட்டவரையும் விலக்கிவிடும். வால்வு பெட்டியில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஓடும். யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.)

அந்த ‘ம்ம்ம்’ என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. முழு அலைத் திருத்தியில் அது 100 ஏற்ற இறக்கமாகும். அதைச் சமப்படுத்துவது கண்டென்சரின் வேலை. அது வேலை செய்யாவிட்டால் அந்த 100 நம் காதில் விழுகிறது. இரண்டாம் ஆண்டுத் தேர்வில் ‘ரிப்பிள் ஃபேக்டர்’ பற்றிய வினாவுக்கு நான் சூத்திரத்தை நிறுவி, படம் வரைந்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அது காதுக்கு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பேராசிரியரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்பதற்கு ஒரு பெட்டி வேண்டுமே!

ஓசையைப் படிப்பது ரேடியோ கடைக்காரர்கள் கண்டுபிடித்த வித்தை அன்று. மோர்ஸின் தந்திக் கருவி 1840களில் வந்தபோது காகித நாடாவில் புள்ளியும் கோடும் பதிக்கத்தான் செய்யப்பட்டது. செய்தியைக் கண்ணால் படிக்க வேண்டும் என்பதே ஏற்பாடு. கருவியின் அருகே உட்கார்ந்திருந்த எழுத்தர்களோ நாடாவைப் பார்க்காமலே, நெம்புகோல் எழுப்பும் ‘டக் டக்’ ஓசையைக் கேட்டே செய்தியை எழுதத் தொடங்கினார்கள். மேலதிகாரிகள் முதலில் இதை விரும்பவில்லை. நாளடைவில் காதே வேகமானது என்று தெளிந்து, நாடாவை அகற்றிவிட்டு, ஓசை எழுப்புவதையே வேலையாகக் கொண்ட ‘சவுண்டர்’ என்ற கருவியைச் செய்தார்கள். நம் நாட்டில் தந்திச் சேவை 2013 ஜூலை மாதத்தில் முடிந்தது. நம் பண்டக அறையில் இருப்பது அந்தச் சவுண்டரின் பயிற்சி வடிவம். நாங்கள் அதன் சாவியை அழுத்திப் பார்த்தோம். மின்கலம் இல்லாததால் ஊமையாக இருந்தது.

தொலைபேசிக்கு வருவோம். எண்வட்டைச் சுழற்றிவிட்டால் அது திரும்பும்போது ‘கிர்ர்ர்’ என்று ஓர் ஓசை வரும். பழைய திரைப்படங்களில் நீங்களும் கேட்டிருக்கலாம். விரலால் சுழற்றுவதில் வேலையே இல்லை. வேலை நடப்பது வட்டு திரும்பும்போதுதான். சுருள்வில் அதைத் திருப்ப, ஒரு வேகக்கட்டுப்பாட்டுச் சக்கரம் அதைச் சீராக ஓட்ட, மின்சுற்று நொடிக்குப் பத்து முறை என்ற கணக்கில் அறுபட்டு இணையும். 1 என்றால் ஒரு முறை, 5 என்றால் ஐந்து முறை, 0 என்றால் பத்து முறை. மறுமுனையில், தொலைபேசி நிலையத்தில், ஒவ்வொரு துடிப்புக்கும் ஓர் இரும்புக் கை ஒரு படி ஏறும் அல்லது ஒரு படி நகரும். இந்த ஏற்பாட்டுக்கு 1891இல் காப்புரிமை பெற்ற ஸ்ட்ரௌஜர் என்ற அமெரிக்கர், இறந்தவர்களுக்குப் பெட்டி செய்து இறுதிச் சடங்கு நடத்திக் கொடுக்கும் தொழில் செய்தவர். போட்டித் தொழில்காரருக்கே அழைப்புகளைத் தொலைபேசிப் பெண்மணி இணைத்துவிடுகிறார் என்ற கோபத்தில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். நூற்றுக்கணக்கான இரும்புக் கைகள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கும் அந்த அறை தகரக் கூரையில் கல்மாரி பெய்வது போல இருக்கும் என்று அதில் வேலை பார்த்த ஒருவர் எங்கள் ஊரில் சொல்வதுண்டு. எண்வட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தால் சில கில்லாடிகள் ஒலிவாங்கி வைக்கும் தாங்கியையே தாளம் தப்பாமல் தட்டி எண்ணை வரவழைத்து இலவசமாகப் பேசிவிடுவார்களாம். துடிப்புத்தானே எண்! பூட்டுப் போட்டவருக்குத் தெரியாத இயற்பியல், பேசியவருக்குத் தெரிந்திருக்கிறது.

இனி என் மாமா. அவருக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டது. மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை இருந்ததால் 1990களில் அவருக்கு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. இரவுக் கட்டணச் சலுகை நேரத்தில் கூட்டம் நெரியும். அதற்குள் பொத்தான் தொலைபேசிகள் வந்துவிட்டன. ஒவ்வொரு பொத்தானும் ஒரே நேரத்தில் இரண்டு சுரங்களை எழுப்பும். 4 என்றால் 770, 1209 ஹெர்ட்ஸ். 7 என்றால் 852, 1209. மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் வாடிக்கையாளர் எண்ணை அழுத்துவதை வெளியே உட்கார்ந்து கேட்டுவிட்டு, “சார், நாலுக்குப் பதிலா ஏழு அழுத்திட்டீங்க, வச்சுட்டு மறுபடி போடுங்க” என்பார். துண்டுச் சீட்டைப் பார்த்த வாடிக்கையாளர் திகைத்துப் போவார். 2000ஆம் ஆண்டை ஒட்டி அதே கடையில் ஒரு கணினியும் வந்தது. மோடம் ‘கீய்ய்ங், கொர்ர்ர், டொய்ங்’ என்று கத்தி இணைவதைக் கேட்டே அது வெல்லுமா தோற்குமா என்று முன்கூட்டிச் சொல்லிவிடுவாராம். அந்தக் கத்தல் வெளியே கேட்கும்படி சிறு ஒலிபெருக்கி வைத்ததும் மறுமுனையில் மணி அடிக்கிறதா, வேறு யாராவது எடுத்துவிட்டார்களா என்று தெரிந்துகொள்ளத்தானே.

இந்தக் கட்டுரைக்காக மாமாவிடம் போய், “அந்த ஓசையெல்லாம் போச்சேன்னு உங்களுக்கு வருத்தமா இருக்கா மாமா?” என்று கேட்டேன். ஒரு நல்ல பெருமூச்சை எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். “எனக்கு ஒரு வருத்தமும் இல்லை மாப்ளே. அப்ப ஒரு கடுதாசி வந்தா, படிச்சுக் காட்ட ஆள் வருமான்னு நாள் முழுக்க உக்காந்திருப்பேன். இப்ப போனே படிச்சுச் சொல்லுது. தமிழ்லயே சொல்லுது.” சற்றுப் பொறுத்துச் சொன்னார்: “ஒண்ணுதான். இது நின்னுபோச்சுன்னா சும்மா இருக்கு. செத்துப்போச்சா, யோசிச்சுக்கிட்டு இருக்கான்னு தெரியலை. பழசு செத்தாலும் எங்க செத்துச்சுன்னு சொல்லிட்டுச் செத்துச்சு.”

அவர் சொன்ன முதல் பகுதியை மறைத்துவிட்டு இரண்டாம் பகுதியை மட்டும் எழுதியிருந்தால் என் கட்சிக்கு வசதியாக இருந்திருக்கும். அது நேர்மையாகாது. பழைய ஓசைகளில் துன்பமும் நிறைய இருந்தது. டிரங்க் கால் கிடைத்து ‘ஹலோ ஹலோ’ என்று தொண்டை கிழியக் கத்தியும் பாதிச் செய்தி போய்ச் சேராத காலம் அது. தந்திக்காரர் சைக்கிள் மணி கேட்டாலே வீட்டில் அழத் தொடங்கிவிடுவார்கள் என்று பாட்டி சொல்லுவாள். அவற்றைத் திரும்பக் கொண்டுவா என்று எவனாவது எழுதினால் முதலில் எதிர்ப்பவன் நான்.

என் தலைமுறைக்கும் ஓரிரு ஓசைகள் கிடைத்தன. 2006ஆம் ஆண்டுக்குப் பின் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி எங்கள் வீட்டிலும் இருந்தது. அதிலிருந்து ஊசி போல் மெல்லிய ஒரு சீழ்க்கை வரும். ஒரு படத்துக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம், பெருக்கினால் 15,625. அத்தனை உயர்ந்த ஒலி வயதானவர்களின் காதில் விழாது. தேர்வுக் காலத்தில் அப்பா ஒலியை முழுவதும் அடக்கிவிட்டுக் கிரிக்கெட் பார்ப்பார். நானும் அக்காவும் அடுத்த அறையில் புத்தகத்துக்கு முன் உட்கார்ந்தபடியே பெட்டி ஓடுகிறது என்று தெரிந்துகொள்வோம். எப்படித் தெரிந்தது என்று அவருக்கு இன்றுவரை புரியவில்லை. பிறகு, செல்பேசியை வானொலியின் பக்கத்தில் வைத்தால் மணியடிக்கும் முன்பே ‘தட்டட் தட்டட்’ என்று ஒரு குறுக்கீடு வருமே, அதுவும் கேட்டிருக்கிறேன். அந்தச் செல்பேசி தன் முறை வரும்போதெல்லாம், நொடிக்கு ஏறத்தாழ 217 முறை, துண்டு துண்டாகப் பேசுவதன் ஓசை அது. தானாக எழுந்து செய்தி சொன்ன ஓசைகளில் நான் கடைசியாகக் கேட்டது அதுவாகத்தான் இருக்கும்.

இன்றைய கருவிகளும் ஓசை எழுப்பவில்லையா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எழுப்புகின்றன. ஆனால் அவை ஒப்பனை ஓசைகள். செல்பேசியில் படம் எடுத்தால் ‘க்ளிக்’ என்கிறது. அதற்குள் திறந்து மூடும் கதவு எதுவும் இல்லை. பதிவு செய்த ஓசையை ஒலிக்க விடுகிறார்கள். ஜப்பானில் விற்கும் செல்பேசிகளில், பிறரைத் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பதைத் தடுக்க, அந்த ஓசையை அடக்க முடியாமலே செய்கிறார்கள். ஐரோப்பாவில் புதிய வகை மின்சாரக் கார்கள் மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டும் என்று 2019 ஜூலை முதல் விதி உண்டு. சத்தமில்லாத வண்டி வருவது பார்வையற்றவருக்குத் தெரியாதே! தேவையான விதிதான், மறுக்கவில்லை. ஆனால் செல்பேசியின் ஒப்பனை ‘க்ளிக்’கைக் கேட்டு உள்ளே என்ன கோளாறு என்று எந்த மெக்கானிக்கும் சொல்ல முடியாது. உள்ளே எது கெட்டாலும் அது அதே அழகோடுதான் ஒலிக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. பட்டியலில் உள்ள அத்தனையையும் காக்க வேண்டியதில்லை. தணிக்கைக்கு விதி உண்டு, அறைக்கு இடம் வேண்டும், இவை எனக்கும் தெரியும். வகைக்கு ஒன்றை, ஓடும் நிலையில், ஆய்வகத்தில் ஒரு மேசைமேல் வைத்தால் போதும். ஓசைகளைப் பதிவு செய்து வைத்துவிட்டுப் பொருளை ஏலம் விடலாமே என்று அதே நண்பர் யோசனை சொன்னார். பதிவில் குமிழைத் திருக முடியுமா? வால்வைத் தட்டினால் அது பதில் சொல்லுமா? முதலாண்டு மாணவன் ஒருவன் எண்வட்டைச் சுழற்றித் துடிப்பைத் தன் விரலால் எண்ணட்டும். மோர்ஸ் கருவிக்கு ஒரு மின்கலம் வாங்கப் பணம் இல்லையென்றால் நாங்கள் நால்வரும் தருகிறோம்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு சந்தேகம் வந்தது. ஓடவே ஓடாத பெட்டிக்காகவா இத்தனை வாதம்? துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டோம். ஒரு சனிக்கிழமை பிற்பகல், எங்கள் மின்னணுவியல் பேராசிரியர் மேற்பார்வையில், மின்சாரத்தை நேரே கொடுக்காமல் ஒரு நூறு வாட் குமிழ் விளக்கைத் தொடரில் இணைத்து அந்த வால்வு பெட்டியை ஏற்றினோம். விளக்கு பளிச்சென்று எரிந்து மங்கியது. அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியின் பின்னால் வால்வுகளில் ஒவ்வொன்றாகச் செம்மஞ்சள் வெளிச்சம் தெரிந்தது. தூசு சுடும் வாசனை. பிறகு ‘ம்ம்ம்’ என்று எழுந்தது ஓர் ஓசை. நிலையம் எதுவும் கிடைக்கவில்லை. குமிழை எந்தப் பக்கம் திருகினாலும் அந்த ஒன்றுதான்.

அடுத்த அறையில் நம் ஆய்வக உதவியாளர் அண்ணன் தராசுகளுக்கு எண் எழுதிக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. அங்கிருந்தே குரல் மட்டும் வந்தது.

“பில்டர் கண்டென்சர் போச்சு தம்பி. டிரான்ஸ்பார்மர் பக்கத்துல பெரிய டப்பாவா இருக்கும், பாரு.”

பெட்டியை அணைத்துவிட்டுப் பேராசிரியர் டார்ச் அடித்துக் காட்டினார். டிரான்ஸ்பார்மரை ஒட்டி ஓர் அலுமினிய டப்பா இருந்தது. அதன் அடியில் வெள்ளையாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது.